மெய்நிகர் யூடியூபர்களும் நாட்டு அரசியலும்

மெய்நிகர் யூடியூபர் அல்லது விடியூபர் என்பவர், தமது முகத்தைக் காட்டாமல், வரைந்து உருவாக்கப்பட்ட ஒரு கதைமாந்தரின் உருவத்தைக் கொண்டு இணையத்தில் நேரலை நிகழ்ச்சிகளை நடத்தும் கலைஞர் ஆவார். இக்கலை 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் பெயர் பெற்று, பின்னர் சீனா, தைவான், தென்கொரியா, இந்தோனேசியா, ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளுக்கும் பரவியது. பாடுதல், நிகழ்பட விளையாட்டுகளை ஆடுதல், இரசிகர்களுடன் உரையாடுதல் ஆகியன இவர்களின் முதன்மையான பணிகள். அரசியல் பேசுவதை இவர்களுள் பெரும்பாலோர் தவிர்ப்பர். எனினும் அரசியல் இவர்களைப் பலமுறை தேடி வந்துள்ளது. வரையப்பட்ட உருவத்துக்குக் குடியுரிமை இல்லை. ஆனால் அதற்குக் குரல் கொடுப்பவருக்கும், அவரை ஒப்பந்தம் செய்த நிறுவனத்துக்கும், நிகழ்ச்சியைக் காண்போருக்கும் நாடு உண்டு. இக்கட்டுரை, மெய்நிகர் யூடியூபர் உலகமும் நாட்டு அரசியலும் சந்தித்த சில நிகழ்வுகளையும் அவற்றின் காரணங்களையும் விளக்குகிறது.

சொல்லும் தோற்றமும்

மெய்நிகர் யூடியூபர் என்னும் சொல்லைப் பரவலாக்கியது கிசுனா ஐ என்னும் கதைமாந்தர் ஆகும். 2016ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட தனது அலைவரிசையில், இக்கதைமாந்தர் தன்னைச் செயற்கை நுண்ணறிவு என்று விளையாட்டாக அறிமுகம் செய்துகொண்டது. உண்மையில் அதன் அசைவுக்கும் குரலுக்கும் பின்னால் மனிதரே இருந்தனர். 2018ஆம் ஆண்டு ஜப்பான் தேசியச் சுற்றுலா அமைப்பின் நியூயார்க் அலுவலகம் கிசுனா ஐயைத் தனது பரப்புரைத் தூதராக அறிவித்தது. ஆக, இக்கலை தோன்றிய இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே ஒரு நாட்டின் முகமாக நிற்கும் பணி இதற்குக் கிடைத்துவிட்டது.

உருவத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதரை ஜப்பானிய மொழியில் "நக்கா நோ ஹித்தோ" என்பர். "உள்ளே இருப்பவர்" என்பது இதன் பொருள். உள்ளே இருப்பவரின் பெயரையோ முகத்தையோ தேடி வெளியிடாதிருத்தல் இரசிகர்களிடையே எழுதப்படாத ஒழுக்கமாகக் கருதப்படுகிறது.

தொழினுட்பமும் தொழில் அமைப்பும்

மெய்நிகர் யூடியூபர்கள் இரண்டு வகையான உருவங்களைப் பயன்படுத்துகின்றனர். முதலாவது, இருபரிமாண ஓவியத்தின் உறுப்புகளைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து அசையச் செய்வது. லைவ்2டி என்னும் மென்பொருள் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. ஒரு படக்கருவி கலைஞரின் கண், வாய், தலை ஆகியவற்றின் அசைவுகளை உணர்ந்து ஓவியத்துக்கு அளிக்கிறது. இரண்டாவது, முப்பரிமாண உருவம். உடல் முழுவதும் உணரிகளை அணிந்து ஆடும் இசை நிகழ்ச்சிகளில் இது பயன்படும்.

தனித்து இயங்குவோர் பலர் இருப்பினும், புகழ் பெற்றவர்களுள் பலர் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். ஹொலோலைவ் குழுவை நடத்தும் கவர் நிறுவனம் 2016ஆம் ஆண்டு தனிகோ மொத்தோஆகி என்பவரால் நிறுவப்பட்டது. நிஜிசான்ஜி குழு 2018ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதை நடத்தும் நிறுவனம் முதலில் இச்சிகாரா எனவும் 2021 முதல் எனிகலர் எனவும் பெயர் பெற்றது. எனிகலர் 2022ஆம் ஆண்டிலும் கவர் 2023ஆம் ஆண்டிலும் தோக்கியோ பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன.

இரசிகர்கள் நேரலையின்போது அனுப்பும் பணம், மாதச் சந்தா, உருவம் பொறித்த பொருட்களின் விற்பனை, விளம்பர ஒப்பந்தங்கள், இசை நிகழ்ச்சிகள் ஆகியவை இத்தொழிலின் வருவாய் வழிகள். உருவத்தின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்திடமே இருக்கும். எனவே ஒப்பந்தம் முடிந்து விலகும் கலைஞர், தமது உருவத்தையும் பெயரையும் விட்டுவிட்டே செல்ல நேரிடுகிறது. அரசியல் சிக்கல் ஒன்று எழும்போது கலைஞர் இழக்கக்கூடியது எவ்வளவு என்பதை அறிய இச்செய்தி இன்றியமையாதது.

நாடு நுழையும் வழிகள்

கலைஞர் தமது அரசியல் கருத்தைக் கூறுவதால் எழும் சிக்கல்கள் ஒருபுறம் இருக்க, பின்வரும் வழிகளிலும் நாட்டு அரசியல் இவ்வுலகினுள் நுழைகிறது.

பெயர்கள்: ஒரு நிலப்பகுதியை நாடு என்பதா, மாகாணம் என்பதா, வட்டாரம் என்பதா என்னும் கேள்வி. வரைபடங்கள், கொடிகள், எண்ணிக்கைப் பட்டியல்கள் ஆகியவற்றில் இது எழும்.

சந்தை: நிறுவனம் ஒரு நாட்டில் வருவாய் ஈட்டும்போது, அந்நாட்டு அரசும் மக்களும் ஏற்கும் சொற்களையே பயன்படுத்த வேண்டிய நெருக்கடி.

பொதுப்பணி: அரசு அலுவலகமோ பொது ஒலிபரப்பு நிறுவனமோ கதைமாந்தரைப் பயன்படுத்தும்போது, பொதுப்பணம், பாலின நிகர்மை போன்ற உள்நாட்டு விவாதங்களுக்குள் அது இழுக்கப்படுதல்.

தேர்தல்: வேட்பாளரே உருவம் ஒன்றை முன்னிறுத்தி வாக்காளருடன் உரையாடுதல்.

தைவான் பெயர்ச் சிக்கலின் பின்னணி

சீன உள்நாட்டுப் போரின் முடிவில், 1949ஆம் ஆண்டு, சீனக் குடியரசு அரசு தைவானுக்கு இடம் பெயர்ந்தது. பெருநிலப் பகுதியில் சீன மக்கள் குடியரசு அமைந்தது. 1971ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையில் சீனாவின் இடம் மக்கள் குடியரசுக்கு வழங்கப்பட்டது. மறு ஆண்டு ஜப்பானும் மக்கள் குடியரசுடன் தூதரக உறவை ஏற்படுத்தியது. அப்போது வெளியிடப்பட்ட கூட்டறிக்கையில், தைவான் தனது பிரிக்கமுடியாத பகுதி எனச் சீனா கூறியது. சீனாவின் அந்நிலைப்பாட்டை "முழுமையாகப் புரிந்துகொண்டு மதிப்பதாக" ஜப்பான் கூறியது. ஏற்பதாகக் கூறாமல் இவ்வாறு சொல் தேர்ந்தது, இரு தரப்புத் தூதர்களின் நெடிய பேச்சின் விளைவாகும்.

அண்மைக் காலத்தில் இச்சிக்கல் அரசுகளிடமிருந்து வணிக நிறுவனங்களுக்கும் கலைஞர்களுக்கும் பரவியது. 2016 சனவரியில், தென்கொரிய இசைக்குழு ஒன்றில் பாடிய தைவானியப் பாடகி சௌ ட்சூ-யூ, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் சீனக் குடியரசுக் கொடியை ஏந்தியதற்காக, நிகழ்படம் வழியே மன்னிப்புக் கேட்டார். அது வெளியானது தைவான் அதிபர் தேர்தலுக்கு முந்தைய நாள். அப்போது அவருக்கு வயது 16. 2018ஆம் ஆண்டு, தைவானைத் தனி நாடு போலக் காட்டும் குறிப்புகளை நீக்குமாறு 36 அயல்நாட்டு வானூர்தி நிறுவனங்களைச் சீன வானூர்தித் துறை கேட்டுக்கொண்டது. பின்வரும் நிகழ்வை இத்தொடர்ச்சியில் வைத்தே புரிந்துகொள்ள இயலும்.

2020 செப்டம்பர் நிகழ்வு

யூடியூப் தளம் 2009ஆம் ஆண்டு முதல் சீனப் பெருநிலப் பகுதியில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே ஹொலோலைவ் கலைஞர்கள் தமது நிகழ்ச்சிகளைப் பிலிபிலி என்னும் சீனத் தளத்திலும் வெளியிட்டனர். அங்கிருந்த இரசிகர்கள் ஊதியமின்றி வரியுரை எழுதி, இக்கலையைச் சீனாவில் வளர்த்தனர். சீன மொழிக் கலைஞர்களைக் கொண்ட ஒரு பிரிவையும் நிறுவனம் அமைத்திருந்தது.

யூடியூப் தளம், ஒவ்வோர் அலைவரிசையின் உரிமையாளருக்கும் பார்வையாளர் விவரங்களைத் தானே தொகுத்து அளிக்கிறது. பார்வையாளர்கள் எங்கிருந்து காண்கின்றனர் என்னும் பட்டியலும் அதில் உண்டு. அப்பட்டியலில் தைவான் ஒரு தனி வரியாக இடம்பெறும். 2020 செப்டம்பர் இறுதியில், அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில், அகாய் ஹாட்டோ, கிர்யூ கோகோ ஆகிய இரு ஹொலோலைவ் கலைஞர்கள் இவ்விவரங்களைப் பார்த்து, எந்தெந்த நாட்டினர் தம்மை மிகுதியாகக் காண்கின்றனர் என்று கூறினர். அவ்வரிசையில் தைவானின் பெயரும் வந்தது. அயல்நாட்டு இரசிகர்களுக்கு நன்றி கூறும் போக்கில் அமைந்த பேச்சு அது.

சீன இரசிகர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. செப்டம்பர் 27 அன்று நிறுவனம் இருவரையும் மூன்று வாரங்களுக்கு இடைநிறுத்தியது. அலைவரிசையின் உட்புற விவரங்களை வெளியிட்டமை, சில வட்டாரத்தினரின் உணர்வைக் கருதாமல் பேசியமை ஆகியன காரணமாகக் காட்டப்பட்டன.

சர்ச்சையைப் பெரிதாக்கியது நிறுவனத்தின் அறிக்கை ஆகும். ஜப்பானிய மொழியில் வெளியான அறிக்கை பொதுவான சொற்களில் அமைந்திருந்தது. சீனத் தளத்தில் வெளியான அறிக்கையோ "ஒரே சீனா" கொள்கையை நிறுவனம் ஏற்பதாகத் தெரிவித்தது. இரண்டையும் படிக்க வல்ல இரசிகர்கள் சில மணி நேரத்தில் அவற்றை மொழிபெயர்த்து அருகருகே வைத்தனர். இதனால் தைவான், ஜப்பான் மற்றும் ஆங்கிலம் பேசும் நாடுகளைச் சேர்ந்த இரசிகர்களும் நிறுவனத்தைக் கண்டித்தனர். ஒரு தரப்பை அமைதிப்படுத்த எழுதிய வரி மறு தரப்பைச் சினமூட்டியது. முன்பு இவ்வாறு இரு மொழிகளில் இரு விதமாகப் பேசுதல் எளிதாக இருந்திருக்கலாம். மொழிபெயர்க்கும் இரசிகர் கூட்டம் உள்ள இடத்தில் அது நெடுநேரம் மறைந்திருக்க இயலவில்லை.

விளைவுகள்

இருவரும் அக்டோபரில் மீண்டும் நிகழ்ச்சிகளைத் தொடங்கினர். ஆனால் கிர்யூ கோகோவின் நேரலைகளில் திட்டமிட்ட குப்பைச் செய்திகள் மாதக்கணக்கில் குவிந்தன. அவருடன் இணைந்து நிகழ்ச்சி நடத்திய பிற கலைஞர்களின் உரையாடற் பகுதிகளும் தாக்கப்பட்டன. இதனால் ஒருவருடன் சேர்ந்து விளையாடுவதே ஓர் அரசியல் முடிவு போன்று ஆயிற்று.

ஹொலோலைவின் சீனப் பிரிவில் இருந்த கலைஞர்கள் அறுவரும் 2020ஆம் ஆண்டின் இறுதியில் விலகினர். அப்பிரிவு மூடப்பட்டது. பட்டியலைப் படித்தவர்களோ அறிக்கையை எழுதியவர்களோ இவர்கள் அல்லர். எனினும் தமது உருவங்களை முற்றாக இழந்தவர்கள் இவர்களே. இந்நிகழ்வு பற்றிய குறிப்புகளில் இவ்விழப்பு பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

கிர்யூ கோகோ 2021 சூலை 1 அன்று விலகினார். அவரது இறுதி நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் கண்டனர். இவ்விலகலை 2020ஆம் ஆண்டு நிகழ்வின் நேரடி விளைவு என உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் இரசிகர்கள் இரண்டையும் சேர்த்தே நினைவில் கொண்டுள்ளனர்.

உள்நாட்டு விவாதங்கள்

அயலுறவுச் சிக்கல்களைத் தவிர, ஜப்பானின் உள்நாட்டு விவாதங்களிலும் மெய்நிகர் யூடியூபர்கள் இடம்பெற்றுள்ளனர். 2018 அக்டோபரில், பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே, நோபல் பரிசு பற்றிய தனது இணையப் பக்கத்தில் கிசுனா ஐயை அறிவியலாளருடன் உரையாடச் செய்தது. அவ்வுருவத்தின் உடையும், பெண் உருவம் பெரும்பாலும் தலையசைத்துக் கேட்பதாக மட்டும் அமைந்த உரையாடலும் விமர்சிக்கப்பட்டன. கற்பனை உருவத்தின் மீது இத்தகைய அளவுகோலைச் சுமத்தக் கூடாது எனப் பிறர் வாதிட்டனர்.

2021ஆம் ஆண்டு சிபா மாநிலத்தின் மட்சுடோ நகரில் இதனை ஒத்த நிகழ்வு ஒன்று நடந்தது. அந்நகரைச் சார்ந்த தோஜோ ரிங்கா என்னும் மெய்நிகர் யூடியூபர் தோன்றிய சாலைப் பாதுகாப்பு நிகழ்படத்தை அப்பகுதிக் காவல் துறை வெளியிட்டது. பெண்ணிய உள்ளாட்சி உறுப்பினர்களின் நாடளாவிய கூட்டமைப்பு ஒன்று, சிறுமி போன்ற அவ்வுருவம் பாலியல் நோக்கில் அமைந்துள்ளது எனக் கடிதம் எழுதியது. காவல் துறை நிகழ்படத்தை நீக்கியது. நீக்கத்தைக் கண்டித்து இணையத்தில் பல்லாயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். அக்கதைமாந்தருக்குப் பின்னால் இருப்பவரும் ஒரு பெண்ணே, அவரது பணி பறிக்கப்பட்டது என்பது அவர்களின் வாதங்களுள் ஒன்று. பொதுப்பணத்தில் இயங்கும் ஒரு துறை எத்தகைய பெண் உருவத்தை முன்னிறுத்த வேண்டும் என்பது மறு தரப்பின் கேள்வி. இரண்டும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல.

எல்லா முயற்சிகளும் பூசலில் முடிந்தன என்று கொள்ளக் கூடாது. இபராக்கி மாநில அரசு 2018ஆம் ஆண்டு இபாரா ஹியோரி என்னும் மெய்நிகர் யூடியூபரை அறிமுகம் செய்து, மாநிலச் செய்திகளையும் விளைபொருட்களையும் அறிவிக்கப் பயன்படுத்தியது. மாநில அரசு ஒன்றின் அதிகாரபூர்வ மெய்நிகர் யூடியூபர் என்ற வகையில் இதுவே ஜப்பானில் முதலாவது.

தேர்தல் களம்

ஜப்பானில் இணையவழித் தேர்தல் பரப்புரை 2013ஆம் ஆண்டில்தான் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு வாக்களிக்கும் வயது 20இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. 18 வயது நிரம்பாதோர் பரப்புரையில் ஈடுபடவும், வாக்களிக்கும் நாளன்று எவரும் பரப்புரை செய்யவும் தடை உண்டு. வேட்பாளரின் வேண்டுகோளைச் சமூக வலைத்தளத்தில் பகிர்வதும் பரப்புரையாகக் கொள்ளப்படலாம். எனவே தாம் விரும்பும் கலைஞரின் நிகழ்படத்தைப் பகிர்வதுபோல் வேட்பாளரின் நிகழ்படத்தை ஒரு பள்ளி மாணவர் பகிர்ந்தால், அது சட்ட மீறலாகலாம்.

2024ஆம் ஆண்டு தோக்கியோ ஆளுநர் தேர்தலில், பொறியாளரும் எழுத்தாளருமான அன்னோ தக்காஹிரோ தமது உருவிலமைந்த "ஏஐ அன்னோ" என்னும் அசையும் வடிவை யூடியூப் நேரலையில் நிறுத்தினார். அவரது கொள்கை அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு அது வாக்காளர்களின் ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு மறுமொழி கூறியது. அன்னோ 1,54,638 வாக்குகள் பெற்று ஐந்தாம் இடத்தில் வந்தார். 2025 மே மாதத்தில் டீம் மிராய் என்னும் கட்சியைத் தொடங்கி, அதே ஆண்டு சூலையில் மேலவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இங்கு ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ளுதல் நலம். மெய்நிகர் யூடியூபரின் உருவத்துக்குள் பேசும் மனிதர் ஒருவர் இருக்கிறார். ஏஐ அன்னோவினுள் எவரும் இல்லை. அது கூறியவற்றுக்குப் பொறுப்பேற்றவர் வெளியே பெயருடனும் முகத்துடனும் நின்ற வேட்பாளர். கிசுனா ஐ தன்னைச் செயற்கை நுண்ணறிவு என விளையாட்டாகக் கூறிக்கொண்டு எட்டு ஆண்டுகளுக்குள் அவ்விளையாட்டு உண்மையாகியது எனலாம்.

இரசிகர் பழக்கமும் அரசியல் பழக்கமும்

மெய்நிகர் யூடியூபர்களைத் தொடர்வோரும் அரசியலைத் தொடர்வோரும் பல வேளைகளில் ஒருவரே. இரண்டையும் அவர் ஒரே கருவியில், ஒரே வகையான பழக்கங்களுடன் தொடர்கிறார். அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, துண்டு நிகழ்படம். ஜப்பானிய மொழியில் இதனைக் "கிரினுகி" என்பர். வெட்டியெடுத்தது என்று பொருள். நான்கு மணி நேர நேரலையை முழுதும் காண்போர் சிலரே. பலர் காண்பது இரண்டு நிமிடத் துண்டையே. கலைஞரின் வேடிக்கைப் பேச்சைப் பரப்பும் இதே முறை, அரசியல்வாதியின் உரையையும் பரப்புகிறது. எங்கு வெட்டுவது என்பதை வெட்டுபவர் முடிவு செய்கிறார். பேச்சின் முன்பின் பகுதிகள் பார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை.

இரண்டாவது, இரசிகர் மொழிபெயர்ப்பு. இது எல்லைகளைக் கடந்து மக்களை இணைத்தது. 2020ஆம் ஆண்டு நிகழ்வில் நிறுவனத்தின் இரட்டை நிலையை வெளிக்கொணர்ந்ததும் இதுவே. ஆனால் மொழிபெயர்ப்பாளர் தமது சினத்தையும் ஒரு சொல்லில் சேர்த்துவிட முடியும். மூல மொழி அறியாதவருக்கு அது தெரியாது.

மூன்றாவது, "ஓஷி" என்னும் பற்று. தாம் முன்னிறுத்தி ஆதரிக்கும் ஒருவரை இச்சொல் குறிக்கும். இப்பற்று, தனித்திருப்பவருக்குத் துணையும் நண்பரும் தருகிறது. அதே பற்று நாட்டுணர்வுடன் கலக்கும்போது, ஒரு கலைஞரின் மீதான ஏமாற்றம் தண்டனை வேட்கையாக மாறுகிறது. தன் அன்பை ஏற்றவர் தன் நாட்டை இகழ்ந்துவிட்டார் என்று எண்ணும் இரசிகரின் சினம், அக்கலைஞரை முன்பே அறியாதவரின் சினத்தைவிட மிகுதியாக இருத்தல் இயல்பு.

தற்காப்பு முறைகளும் சட்டமும்

இத்தகைய நிகழ்வுகளைத் தொடர்ந்து கலைஞர்கள் பல தற்காப்பு முறைகளைக் கையாள்கின்றனர். உரையாடலில் சில சொற்களைத் தானாகத் தடுத்தல், சந்தாதாரர் மட்டும் எழுத இசைவளித்தல், உரையாடலைக் கண்காணிக்கும் உதவியாளர்களை அமர்த்துதல் என்பன அவற்றுள் சில. அரசியல், சமயம் ஆகியவற்றைப் பேச வேண்டாம் எனப் பார்வையாளருக்கு முன்கூட்டியே அறிவிப்பதும் வழக்கம்.

சட்டத் துறையிலும் மாற்றம் காணப்படுகிறது. உருவத்தின் மீது எழுதப்படும் இழிசொற்கள் உள்ளே இருப்பவரைப் பாதிக்குமா என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. 2022ஆம் ஆண்டு ஒசாக்கா மாவட்ட நீதிமன்றம், மெய்நிகர் யூடியூபர் ஒருவரை நோக்கி எழுதப்பட்ட இழிசொல் அவ்வுருவின் வழியே இயங்கும் மனிதரின் மதிப்புணர்வைப் பாதிப்பதாகக் கொண்டு, எழுதியவரின் விவரத்தை வெளியிட ஆணையிட்டது. உருவம் திரையாக இருப்பினும் அடி விழுவது மனிதர் மீதே என்பதை இத்தீர்ப்பு ஏற்றது எனலாம்.

மதிப்பீடு

மெய்நிகர் யூடியூபர்கள் அரசியலிலிருந்து விலகியே இருக்க வேண்டும் என்போர், 2020ஆம் ஆண்டு நிகழ்வைச் சான்றாகக் காட்டுவர். ஆனால் அந்நிகழ்வில் கலைஞர்கள் எவ்வித அரசியல் கருத்தையும் கூற முற்படவில்லை. ஒரு கணினி தொகுத்த பட்டியலைப் படித்தனர். 1972ஆம் ஆண்டு இரு அரசுகளும் சொற்களை எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கக் காலமும் வல்லுநர்களும் இருந்தனர். நேரலையில் பேசுபவருக்கு இருந்தவை சில நொடிகளே. ஆதலால் விலகியிருத்தல் என்பது முழுமையான காப்பு ஆகாது.

இந்நிகழ்வுகளில் பொதுவாகக் காணப்படும் ஒரு செய்தி உண்டு. சிக்கலை உண்டாக்கும் விதிகளை வகுப்பவை அரசுகள், நிறுவனங்கள், தளங்கள் ஆகியவையாகவும், விலை கொடுப்பவர் ஓர் உருவத்துக்குள் இருக்கும் தனி மனிதராகவும் அமைகின்றனர். அம்மனிதரின் பெயரை இரசிகர்கள் அறியார். ஆகையால் அவருக்கு நேர்ந்த இழப்பும் பெயரின்றியே போகிறது. இத்துறையைப் பயில்வோர், ஒரு சர்ச்சையில் யார் என்ன கூறினார் என்பதோடு, அதன் பின்னர் யார் மீண்டும் பேச இயன்றது, யார் பேச இயலாமற் போனார் என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.